ஒரு காட்டு ஈயின் ஊரும் பேரும்

மண்ணில் மறைந்த உயிர்கள்: வரலாற்றுத் தொடர் (பகுதி 11)

பள்ளிவாசல் மலையில் பூச்சியின் புதைபடிவத்தைத் தேடிப் பயனில்லை. முதிரப்புழை ஆற்றைத் திருப்பி, 1940-இல் திருவிதாங்கூரின் முதல் நீர்மின் நிலையத்தை ஓட்டிய மலை அது. அங்குள்ள கருங்கல்லும் நைஸ் பாறையும் பூமியின் ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகிப் பிறந்தவை. ஈயின் இறக்கை போன்ற மெல்லிய பொருளுக்கு அந்த உலையில் இடமில்லை. ஈ புதைபடிவமாக வேண்டுமென்றால் அமைதியான ஏரிச் சேறு வேண்டும். இல்லாவிட்டால் மரத்திலிருந்து வடியும் பிசின் வேண்டும்.

பிசின் இங்கே தாராளமாக உண்டு. பள்ளிவாசலிலிருந்து அடிமாலி வழியாக நேரியமங்கலத்துக்கு இறங்கினால், தேயிலை முடிந்து பசுமைமாறாக் காடு தொடங்குகிறது. வெள்ளைப் பைன், தம்பகம் ஆகிய மரங்களின் காடு அது. வெள்ளைப் பைனின் பட்டையில் காயம் பட்டால் பால் போல ஒரு பிசின் கசிந்து இறுகும். நாட்டு மருந்துக் கடைகளில் அதை வெள்ளைக் குங்கிலியம் என்று கொடுப்பார்கள். சாம்பிராணி வேறு மரத்தினுடையது; குங்கிலியம் டிப்டெரோகார்ப் என்ற பெருமரக் குடும்பத்தின் கொடை. மலேசியா, போர்னியோ, சுமத்ரா காடுகளில் வானத்தைத் தொடும் மரங்களில் பெரும்பாலானவை இதே குடும்பம். வட இந்தியாவின் சால் மரமும் இதன் உறவுதான்.

சென்ற பகுதியில் தரங்கம்பாடியைப் பார்த்தோம். லின்னேயஸின் மாணவரான மருத்துவர் கோனிக் 1768-இல் அங்கு வந்து இறங்கியதும், சோழமண்டலக் கரையில் பிடிபட்ட பூச்சிகள் கப்பலேறிப் போய்ப் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸின் கையில் லத்தீன் பெயர் பெற்றதும் அந்தப் பகுதியின் கதை. அவர்கள் பெயரிட்டவை உயிருள்ள பூச்சிகள். சந்தேகம் வந்தால் மறுபடியும் வலை வீசி இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளலாம். இனி வரும் கதையின் நாயகனை அப்படிப் பிடிக்க வழியில்லை. ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு குங்கிலியத்தில் ஒட்டிச் செத்துப்போன, சில மில்லிமீட்டர் நீளமேயுள்ள ஓர் ஈ அது. கிடைத்த இடம் குஜராத். ஆனால் அதை அடையாளம் காண உதவும் உறவுக்காரர்கள் இன்றும் பறப்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலை போன்ற ஈரக்காடுகளில்தான். பள்ளிவாசலை இந்தப் பகுதியின் வாசலாக வைத்ததற்கு அதுவே காரணம்.

சூரத் மாவட்டத்தில் வஸ்தான், தட்கேஷ்வர் என்று பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் இருக்கின்றன. நெய்வேலியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை: பெரிய திறந்தவெளிக் குழி, படிப்படியாக இறங்கும் கரிப் படுகைகள், நடுநடுவே களிமண் அடுக்குகள். கரிக்கும் களிமண்ணுக்கும் இடையே மஞ்சளும் தேன்நிறமுமாகச் சிறு கட்டிகள் கிடக்கும். அவை பழங்காலப் பிசின், அதாவது அம்பர். கரி எடுப்பவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. லக்னோவிலுள்ள பீர்பல் சாஹ்னி ஆய்வகத்தின் ஹுகம் சிங், ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்து ஜெஸ் ரஸ்ட், நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டேவிட் கிரிமால்டி, இந்தியத் தொல்லுயிரியலின் மூத்தவர் அசோக் சாஹ்னி முதலானோர் சேர்ந்து அந்தக் கட்டிகளை 150 கிலோ அளவுக்குச் சேகரித்து ஆராய்ந்தார்கள். 2010-இல் வெளியான அவர்களுடைய கட்டுரை தொல்லுயிரியலாளர்களை நிமிர்ந்து உட்காரவைத்தது. 14 வரிசைகள், 55-க்கும் மேற்பட்ட குடும்பங்கள், 100-க்கும் மேற்பட்ட இனங்கள். தேனீக்கள், கரையான்கள், எறும்புகள், சிலந்திகள், கணக்கில்லாத ஈக்கள். இதற்குக் காம்பே அம்பர் என்று பெயர். அது கிடைக்கும் பாறை அடுக்கு காம்பே களிப்பாறை எனப்படுவதால் வந்த பெயர்.

அம்பரின் வேதியியலையும், அதே படுகையில் கிடைத்த மரத்துண்டுகளின் உள்ளமைப்பையும் சேர்த்துப் பார்த்தபோது, பிசின் வடித்தது டிப்டெரோகார்ப் மரம் என்பது உறுதியானது. இன்று அந்தச் சுரங்கங்களைச் சுற்றிப் பசுமைமாறாக் காடு கிடையாது. அன்று நேரியமங்கலத்துக் காட்டைப் போன்ற ஒன்று கடலோரம் வரை இறங்கி நின்றிருக்கிறது. பிசின் உதிர்ந்து, ஓடையில் மிதந்து, கடற்கரைச் சேற்றில் புதைந்திருக்கிறது.

காம்பே அம்பருக்கு ஒரு தனிக்குணம் உண்டு. பால்டிக் கடலோரத்து அம்பர் நன்றாக இறுகியது. கரைப்பானில் போட்டாலும் எளிதில் கரையாது. காம்பே அம்பரின் மூலக்கூறுகள் முழுதும் பின்னிக்கொள்ளாமல் அரைகுறையாகவே இறுகியவை. அதனால் தகுந்த கரைப்பானில் பிசினைக் கரைத்துவிட்டு, உள்ளே இருக்கும் பூச்சியை முழுதாக வெளியே எடுக்கலாம். ஐந்து கோடி ஆண்டு பழைய பூச்சியின் மேல்தோலை மின்னணு நுண்ணோக்கியில் நேராகப் பார்க்க முடிகிறது என்றால் அது எவ்வளவு பெரிய பேறு! அதே குணம் ஒரு தொல்லையும் தருகிறது: கட்டிகள் நொறுங்கும். ஆகவே பெரும்பாலான கட்டிகளை முதலில் எபாக்சி பசையில் பதித்து உறுதியாக்கி, பிறகு தேய்த்து மெருகேற்றி, பூச்சி தெளிவாகத் தெரியும் அளவுக்கு மெல்லிய சில்லாக்குவார்கள். கை சற்றுத் தவறினால் ஒரு கால், ஒரு உணர்கொம்பு போய்விடும். பெயர் சூட்டும் வேலை இந்தத் தேய்ப்புக் கல்லிலேயே தொடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். எந்தப் பக்கத்தைத் தேய்த்துத் திறக்கிறார்களோ அந்தப் பக்கத்தின் உறுப்புகளே பின்னால் விவரணையில் இடம்பெறும்.

சரி, நுண்ணோக்கியின் கீழே ஒரு சிறு பூச்சி. அது யார்?

இரண்டே இறக்கைகள், பின்னிறக்கைகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குமிழ்க்காம்புகள்: ஈக்களின் வரிசை. நீண்ட, பல கணுக்கள் கொண்ட உணர்கொம்பு: வீட்டு ஈயின் பக்கத்தைச் சேர்ந்ததல்ல, கொசுவின் பக்கம். கூனல் முதுகும் நீண்ட கால்களும்: பூஞ்சை ஈ எனப்படும் கூட்டம். மக்கிய மரத்திலும் காளானிலும் வளரும் இவற்றை ஈரமான காட்டில் இலைகளைத் தட்டினாலே பார்க்கலாம். இதுவரை வந்த பாதை எளிது. இதற்கு மேல் இறக்கை நரம்புகள்தான் பேசும். ஈயின் இறக்கையில் ஓடும் நரம்புகளுக்கு ஒரு பொது ஒழுங்கு உண்டு என்று காட்டி, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, எல்லாப் பூச்சிகளுக்கும் பொருந்தும் முறையை அமெரிக்காவின் காம்ஸ்டாக், நீதம் இருவரும் 1898-இல் வெளியிடத் தொடங்கினார்கள். எந்த நரம்பு எங்கே கிளைக்கிறது, எது குட்டை, எது பாதியில் நிற்கிறது என்பதைக் கொண்டுதான் குடும்பமும் பேரினமும் தீர்மானமாகின்றன.

அம்பரில் கிடைத்த சில பூஞ்சை ஈக்களின் இறக்கையில் ஒரு விசித்திரம் இருந்தது. நடு நரம்புகளின் அடிப்பகுதி காணாமற்போய், நுனிப்பகுதிகள் மட்டும் எதனோடும் சேராமல் இறக்கையில் மிதந்தன. தலையின் கீழே நீண்டு தொங்கும் ஒரு மூக்கு, அதாவது பூவுக்குள் நுழைத்து உறிஞ்சும் வாயுறுப்பு. இந்த இரண்டும் சேர்ந்த ஈக்களை லிஜிஸ்டோரைனிடே என்று அழைப்பார்கள். சிட்னியில் பணியாற்றிய ஃபிரெடரிக் ஸ்கூஸ் 1890-இல் ஓர் ஆஸ்திரேலிய ஈக்கு லிஜிஸ்டோரைனா என்று பெயரிட்டதிலிருந்து இந்தக் கூட்டத்தின் எழுதப்பட்ட வரலாறு தொடங்குகிறது. 1904-இல் ஃபெர்னாந்த் மூனியே பால்டிக் அம்பரில் இதன் உறவு ஒன்றைக் கண்டு பேலியோக்னோரிஸ்டே என்ற பேரினத்தை அமைத்தார். 1922-இல் இலங்கையிலிருந்து ஓர் இனத்தை விவரித்தவர் ரொனால்ட் சீனியர்-வைட். மாத்தளையில் தோட்டத்துரையாக இருந்துகொண்டே ஈக்களை ஆராய்ந்தவர் அவர். மிக அரிதாக வலையில் விழும் ஈக்கள் இவை. உலகம் முழுவதிலும் இவற்றைப் படித்தவர்கள் ஒரு சிலரே.

2017-இல் ஃபிராவ்கே ஸ்டெப்னர், ஹுகம் சிங், ஜெஸ் ரஸ்ட், டேவிட் கிரிமால்டி நால்வரும் காம்பே அம்பரின் நீள்மூக்கு ஈக்களைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். மூன்று புதிய இனங்கள். ஒன்று லிஜிஸ்டோரைனா பேரினத்திலேயே அடங்கியது. லிஜிஸ்டோரைனா இண்டிகா என்று பெயரிட்டார்கள். இன்றும் வாழும் அந்தப் பேரினத்தின் மிகப் பழைய புதைபடிவம் அதுவே. இன்னொன்று மூனியேயின் பால்டிக் பேரினத்துக்குள் வந்தது. அதற்குப் பேலியோக்னோரிஸ்டே ஓரியன்டாலே என்று பெயர். அதுவரை ஐரோப்பாவின் அம்பரில் மட்டுமே தெரிந்திருந்த கூட்டம், குஜராத்தின் கரிச்சுரங்கத்தில் தலைகாட்டியது.

மூன்றாவது ஈதான் சிக்கலானது. அதன் சில உறுப்புகள் வாழும் லிஜிஸ்டோரைனாவைப் போல இருந்தன. வேறு சில, ஆசியக் காடுகளிலிருந்து 2009-இல்தான் தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்ட ஆசியோரைனாவைப் போல இருந்தன. இரண்டில் எதற்குள் திணித்தாலும் அந்தப் பேரினத்தின் இலக்கணம் உடையும். எவ்வளவு வேறுபாடு இருந்தால் புதிய பேரினம் அமைக்கலாம் என்பதற்கு உலகில் அளவுகோல் எதுவும் கிடையாது. எத்தனை ஈக்களைப் பார்த்துத் தேறிய கண் என்பதே அளவுகோல். நால்வரும் புதிய பேரினமாக வைக்கத் துணிந்தார்கள். இண்டோரைனா சாஹ்னீ பிறந்தது அப்படித்தான். எனக்கு அந்தத் துணிவு பிடித்திருக்கிறது. ஏற்கெனவே உள்ள பெட்டி ஒன்றில் போட்டு மூடியிருந்தால் இரண்டு கூட்டங்களுக்கும் இடையிலான அந்த நடுநிலை உருவம் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும்.

பெயரின் இரண்டாம் பாதி அசோக் சாஹ்னிக்குச் செய்த மரியாதை. தொல்லுயிரியல் அவர்கள் வீட்டுச் சொத்து. தந்தை முல்க் ராஜ் சாஹ்னி தொல்லுயிரியலாளர். பெரியப்பா பீர்பல் சாஹ்னி புதைபடிவத் தாவரங்களின் பேராசான். பீர்பல் 1946-இல் லக்னோவில் தொடங்கிய ஆய்வகத்தின் கட்டடத்துக்கு 1949 ஏப்ரலில் நேரு அடிக்கல் நாட்டினார். புதைபடிவங்களையே பதித்துச் செய்த அடிக்கல் அது. ஒரு வாரத்துக்குள் பீர்பல் மறைந்துவிட்டார். அந்த ஆய்வகத்திலிருந்து வந்த ஹுகம் சிங், பீர்பலின் தம்பி மகனின் பெயரை ஓர் ஈக்குச் சூட்டுவதில் பங்காளியானது இந்திய அறிவியலில் ஒரு தொடர்ச்சியைக் காட்டுகிறது.

பெயரை வைத்துவிட்டால் போதாது, அது செல்லுபடியாக வேண்டும். விலங்குப் பெயர்களுக்கான பன்னாட்டு விதிநூல் இதில் கறாரானது. லின்னேயஸின் நூலின் 1758-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து கணக்கு தொடங்குகிறது. இரண்டு பேர் ஒரே இனத்துக்கு வெவ்வேறு பெயர் வைத்தால் பொதுவாக முந்தியது நிற்கும். புதிய இனத்தை அறிவிப்பவர் அதை மற்றவற்றிலிருந்து பிரிக்கும் அடையாளங்களை எழுத வேண்டும். பெயரைத் தாங்கும் ஒரு மாதிரியைக் குறிப்பிட்டு, அது எங்கே பாதுகாக்கப்படும் என்றும் சொல்ல வேண்டும். அந்த மூலமாதிரிதான் பெயரின் உரிமைப் பத்திரம். நாளைக்கு யாராவது விவரணை தவறு என்று வாதிட்டாலும் அந்த ஒற்றை ஈயிடம்தான் திரும்பிப் போயாக வேண்டும். இணையத்தில் மட்டும் வெளிவரும் இதழ்களில் பெயரிட 2012-இல்தான் விதிநூல் இடம் கொடுத்தது. அதற்கும் சூபேங்க் என்ற பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும்.

உயிருள்ள இனத்துக்கும் அழிந்த இனத்துக்கும் விதி ஒன்றே. நடைமுறையில்தான் வேறுபாடு. அழிந்த ஈக்கு மரபணு கிடையாது. ஆணும் பெண்ணும் சேர்ந்து கிடைப்பது அதிர்ஷ்டம். கிடைத்த ஒன்றிரண்டு உடல்களைக் கொண்டு, கண்ணால் காணும் உருவத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டும். ஆகவே ஒப்பிட வாழும் ஈக்கள் தேவை, அதுவும் ஏராளமாக.

இங்கே நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. காரைக்காலுக்குப் பக்கத்துக் குரும்பகரத்தைச் சேர்ந்த பி. சூசைநாதன். வாளையாறு காடுகளிலும் ஆனைமலையின் சிங்கோனாவிலும், இன்னும் பல தென்னிந்திய மலைகளிலும் அவர் பிடித்து ஊசியில் குத்தி அனுப்பிய பூச்சிகள் உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கின்றன. அமெரிக்காவின் சார்லஸ் அலெக்சாண்டர் தன் வாழ்நாளில் 11,000-க்கும் மேற்பட்ட நெடுங்கால் ஈக்களுக்குப் பெயரிட்டவர். தென்னிந்தியாவைப் பற்றி அவர் எழுதியவற்றில் பெரும்பகுதி சூசைநாதனின் சீட்டு ஒட்டிய மாதிரிகளை நம்பி எழுதியது. பாலக்காட்டுக் கணவாயின் வாயிலிலிருந்து ஆனைமலை வரையிலான ஈக்களை ஒருவர் இவ்வளவு பொறுமையாகத் திரட்டியதன் மதிப்பை நம் பாடநூல்கள் எழுதியதில்லை. எழுத வேண்டும். இத்தகைய திரட்டுகள் இல்லாவிட்டால் அம்பருக்குள் இருப்பது புதிது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. பள்ளிவாசலுக்கு மேலேயுள்ள சோலைக்காடுகளின் பூஞ்சை ஈக்களை யாராவது அதே ஈடுபாட்டோடு திரட்டினால், இண்டோரைனாவின் விவரணையையே இன்னொரு முறை திறந்து பார்க்க வேண்டி வரலாம்.

காம்பே அம்பரின் ஈக்களை வைத்து ஒரு பெரிய வழக்கு நடந்தது. இந்தியத் துண்டு கோண்ட்வானா என்ற பழைய பெருநிலத்திலிருந்து பிரிந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலில் வடக்கே நகர்ந்து, ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆசியாவில் முட்டியது. அத்தனை காலம் தனித்திருந்த நிலத்தில் தனித்த உயிர்கள் நிறைந்திருக்க வேண்டும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. மடகாஸ்கரைப் பார்த்தவர்கள் அப்படித்தான் எதிர்பார்ப்பார்கள். காம்பே அம்பர் வேறு சாட்சி சொன்னது. நீள்மூக்கு ஈக்களில் ஒன்றின் சொந்தம் பால்டிக் கரையில். அதே 2017-இல் ஸ்டெப்னரும் போலந்தின் ரிஷார்ட் ஷாஜெவ்ஸ்கியும் மற்றவர்களும் கடிக்கும் சிற்றீக்களை ஆராய்ந்து ஐந்து புதிய இனங்களை விவரித்தார்கள். அவற்றில் இயோஹீலியா இண்டிகாவின் பேரினம் பால்டிக் அம்பரில் பெயர் பெற்றது; இறக்கையில் ஒலியெழுப்பும் உறுப்பு கொண்டது. கெடானோஹீலியா, மூனியரோஹீலியா இரண்டும் ஐரோப்பிய அம்பரோடு தொடர்புடைய பெயர்களே; முன்னது டான்ஸ்க் நகரத்தின் நினைவு, பின்னது நாம் மேலே சந்தித்த மூனியேயின் நினைவு. சீனாவின் ஃபூஷுன் அம்பரோடும் உறவு தெரிந்தது. அம்பர் உருவாவதற்கு முன்பே இந்தியாவுக்கும் ஐரோப்பா, ஆசியாவுக்கும் இடையே பூச்சிகள் போய்வந்திருக்கின்றன என்பது அவர்கள் முடிவு.

காலக்கணக்கும் இதற்குள் மாறியிருந்தது. 2010-இல் 5 முதல் 5.2 கோடி ஆண்டுகள் என்றார்கள், 2017-இல் 5.4 கோடி. இடையில் உள்ள இருபது லட்சம் ஆண்டுகள் அற்பமானவையல்ல. மோதலுக்கு முன்பா பின்பா என்ற கேள்வியே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அம்பர் பழையதாகப் பழையதாக, பூச்சிகள் நிலப்பாலம் முழுதாக அமையும் முன்பே தீவுகள் வழியாகத் தாவி வந்திருக்க வேண்டும் என்ற வாதம் வலுப்பெறுகிறது. மரங்களின் வரலாறும் பிறகு திருத்தப்பட்டது. 2022-இல் இந்திய ஆய்வாளர்கள் மஹி பன்சால், சூர்யேந்து தத்தா முதலானோர் சூடானிலும் இந்தியாவிலும் கிடைத்த பழைய மகரந்தங்களைக் கொண்டு, டிப்டெரோகார்ப் மரங்கள் ஆப்பிரிக்காவில் தோன்றி இந்தியா வழியாகத் தென்கிழக்கு ஆசியாவுக்குப் போயின என்று காட்டினார்கள். போர்னியோவின் பெருங்காட்டுக்கு இந்தியா இடைவழி. நேரியமங்கலத்துக் காட்டின் வெள்ளைப் பைனுக்கும் அந்தப் பயணத்தில் பங்குண்டு. மரம் கிழக்கே போனது, ஈக்கள் வடக்கும் தெற்குமாக வந்து போயின. எல்லாவற்றையும் ஒரே திசையில் நகர்த்த விரும்புகிறவர்களுக்கு இது தொந்தரவாக இருக்கலாம். எனக்கு இந்தக் குழப்பம்தான் நம்பத்தக்கதாகத் தெரிகிறது.

இண்டோரைனாவுக்குப் பெயர் வைத்த மூன்றே ஆண்டுகளில் அதன் குடும்பமே இடம் மாறியது. 2020-இல் மிகல் மான்டிச், யான் ஷெவ்சீக் முதலானோர் வாழும் பூஞ்சை ஈக்களின் மரபணுக்களை ஒப்பிட்டு, நீள்மூக்கு ஈக்கள் தனிக் குடும்பம் அல்ல, கெரோப்ளாடிடே என்ற பெரிய குடும்பத்தின் உள்ளிருந்து கிளைத்த ஒரு பிரிவு என்று காட்டி, லிஜிஸ்டோரைனிடேயைத் துணைக்குடும்பமாகக் கீழே இறக்கினார்கள். 2017-இன் கட்டுரைத் தலைப்பில் இருக்கும் குடும்பப் பெயர் அவர்களுடைய வகைப்பாட்டில் இல்லை. ஈயின் பெயர் மட்டும் மாறவில்லை. குடும்பம் என்பது ஆய்வாளர்களின் கருத்து, அது திருத்தப்படும். இண்டோரைனா சாஹ்னீ என்ற பெயரோ ஒரு குறிப்பிட்ட அம்பர்ச் சில்லில் கிடக்கும் ஒரு குறிப்பிட்ட உடலோடு கட்டப்பட்டது. கெரோப்ளாடிடேயின் உள்ளே அதன் சரியான இடம் லிஜிஸ்டோரைனாவுக்கு அருகிலா, ஆசியோரைனாவுக்கு அருகிலா என்பதை மரபணு சொல்லாது. அதற்கு நரம்புகளைத்தான் மறுபடி எண்ண வேண்டும்.

(தொடரும்)